பிள்ளைகள் முதலில் படிப்பது பாடநூலை அன்று



ஒரு பிள்ளை முதன்முதலில் எதைப் படிக்கிறது? முதலாம் ஆண்டுப் பாடநூலைத்தான் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. பள்ளி வாசலை மிதிப்பதற்கு முன்பே அப்பிள்ளை மைலோ டின்னின் பச்சை நிறத்தைப் படித்துவிட்டது. எண்ணெய் நிலையத்தின் சின்னத்தைப் படித்துவிட்டது. நெடுஞ்சாலையில் தொலைவில் தெரியும் பலகையைக் கண்டு, "அப்பா, அங்கே கோழி வாங்கலாம்" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு இவை எப்படி விளங்குகின்றன? நிறமும் வடிவமும் எழுத்தும் ஓர் ஒழுங்கில் அமைந்து, ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் விளங்குகின்றன.

இவ்வாறு அமைக்கும் கலைக்கு வரைகலை வடிவமைப்பு என்று பெயர். நாளிதழ், திருமண அழைப்பிதழ், மருந்துப் புட்டி, சாலைக் குறியீடு, கோவில் திருவிழாப் பதாகை, கைப்பேசித் திரை எனக் காலை முதல் இரவு வரை நம் கண்ணில் படுவனவற்றுள் பெரும்பாலானவற்றை யாரோ ஒருவர் அமர்ந்து அமைத்திருக்கிறார். அந்த அமைப்பு நம் பழக்கத்தையும் சுவையையும் நாம் அறியாமலே உருவாக்குகிறது.

மலேசியத் தமிழர்களாகிய நாம் நிறத்துக்கும் படத்துக்கும் என்றுமே குறை வைத்ததில்லை. ஆனால், தமிழ் எழுத்தின் தோற்றத்தை மட்டும் யாரும் பொருட்படுத்தாத கடைசி வேலையாக விட்டுவைத்திருக்கிறோம். இதற்கும் தமிழ்ப்பள்ளியின் எதிர்காலத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது என் கருத்து. அதனை விளக்கவே இக்கட்டுரை.

படத்தைப் படித்த தலைமுறை

நம் பாட்டன் பாட்டிமார் பலருக்கு எழுத்தறிவு வாய்க்கவில்லை. விடியற்காலையில் பிரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, வாளி சுமந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். ஆயினும் ஒட்டுக்கடையில் தமக்கு வேண்டிய பொருளைத் தவறாமல் கேட்டு வாங்கினார்கள். எப்படி? படத்தைப் பார்த்து வாங்கினார்கள்.

கோடாலித் தைலம் இதற்குச் சிறந்த சான்று. சிங்கப்பூரில் 1928 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு சீன நிறுவனத்தின் தயாரிப்பு அது. அதன் ஆங்கிலப் பெயரோ சீனப் பெயரோ லயத்து வீட்டுப் பாட்டிக்குத் தெரியாது. சீட்டில் அச்சிட்டிருந்த கோடாலி தெரியும். அந்தப் படமே தமிழில் அம்மருந்தின் பெயராயிற்று. புலித் தைலமும் இவ்வாறு பெயர் பெற்றதுதான். ஒரு சின்னம் ஒரு மொழிக்குள் புதுச் சொல்லையே உண்டாக்கிவிட்டது, பாருங்கள்!

அரசியலிலும் இதுவே நடந்தது. நம் நாட்டில் 1955 ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரிக்காத்தான் கூட்டணிக்குப் பாய்மரக் கப்பல் சின்னமாக இருந்தது. 1974 ஆம் ஆண்டு முதல் தேசிய முன்னணிக்குத் தராசு சின்னமாயிற்று. தோட்டத்து வாக்காளர் பலர் கட்சியின் பெயரைச் சொல்வதில்லை. "கப்பலுக்குப் போட்டேன்", "தராசுக்குப் போட்டேன்" என்றே சொன்னார்கள். தமிழ்நாட்டில் உதயசூரியனும் இரட்டை இலையும் வீட்டுக்கு வீடு அறிந்த வடிவங்களானதற்கும் இதுவே காரணம்.

வழிபாட்டுக்கு வருவோம். முருகன் என்றதும் உங்கள் மனக்கண்ணில் ஒரு முகம் தோன்றுகிறதல்லவா? அந்த முகம் கோவில் கருவறைச் சிலையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அது நாட்காட்டியிலிருந்து வந்தது. ஓவியர் இரவிவர்மா 1894 ஆம் ஆண்டு பம்பாயில் வண்ண அச்சகம் தொடங்கிய பிறகு, தெய்வப் படங்கள் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்தன. தமிழகத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வ உருவங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக அச்சிட்டுப் பரப்பின. கடல் கடந்து மலாயா தோட்டங்களுக்கும் அத்தகைய படங்கள் வந்தன. லயத்து வீட்டுச் சாமிமாடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்து புன்னகைத்தவை இவைதாம். ஓர் ஓவியரின் தூரிகை ஓர் இனத்தின் பக்திக்கே முகம் தந்திருக்கிறது.

நம் வீடுகளில் தொங்கும் குதிரை நாட்காட்டியை நினைத்துப் பாருங்கள். பெரிய எண்கள்; விடுமுறைக்குச் சிவப்பு; பந்தய நாளுக்குக் குதிரைப் படம். பந்தயத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத குடும்பங்களும் அதைத்தான் மாட்டுகின்றன. மூக்குக் கண்ணாடி அணியாத தாத்தாவுக்கும் அறையின் மறுகோடியிலிருந்து தேதி தெரிகிறது என்பதே காரணம். நல்ல வடிவமைப்பு என்பது அலங்காரம் மட்டும் அன்று. பயன்படுத்துபவரின் கண்ணையும் நிலையையும் அறிந்து செய்யும் உதவி அது.

இத்தனையையும் சொல்வது ஏன்? நம் அன்றாடப் பண்பாட்டில் வடிவமைப்பின் செல்வாக்கு இன்று நேற்று வந்ததன்று என்பதை நினைவூட்டத்தான். இனி, எழுத்துக்கு வருவோம்.

தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது?

குருபோங் வட்டாரம் வெகுவாக மாறிவிட்டது. தோட்டங்கள் இருந்த இடங்களில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் கடை வரிசைகளும் எழும்பியுள்ளன. பெற்றோர்கள் தொழிற்சாலைகளில் பணிபுரிகிறார்கள்; பிள்ளைகள் காரிலும் பள்ளி வேனிலும் வருகிறார்கள். வழிநெடுகப் பலகைகள்தாம்.

ஒருமுறை மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த பலகைகளை நினைவிலிருந்து வரையுங்கள் என்று சொன்னேன். துரித உணவகம், எண்ணெய் நிலையம், பேரங்காடி, டயர் கடை, கைப்பேசிக் கடை என விரைவாக வரைந்துவிட்டார்கள். நிறங்கள்கூடப் பெரும்பாலும் சரியாக இருந்தன. தமிழ் எழுத்து இருந்தது ஒரே ஒரு தாளில். அது கோவில் நுழைவாயில் வளைவு.

பிள்ளைகளைக் குறை கூற இயலாது. அவர்கள் கண்டதைத்தான் வரைந்தார்கள். ஆனால், அத்தாள்கள் என்னைச் சிந்திக்க வைத்தன. வாங்குவது, விற்பது, உண்பது, விளையாடுவது ஆகிய அனைத்தும் வேறு எழுத்துகளில் நடக்கின்றன. தமிழ் எழுத்து கோவிலிலும் வகுப்பறையிலும் மட்டும் இருக்கிறது. இதை யாரும் அப்பிள்ளைக்குச் சொல்லித் தரவில்லை. தெருவே சொல்லிக் கொடுத்துவிட்டது. 'தமிழ் வாழும் மொழி' என்று நாம் சபைக்கூடலில் முழங்குகிறோம். பள்ளி வேலிக்கு வெளியே உள்ள பலகைகள் அதை மறுத்துக்கொண்டிருக்கின்றன.

படமும் சடங்கும் இருந்தால் மொழி தானாக வாழும் என்று கருதுவோரும் உண்டு. அவர்கள் நம் மலாக்காவிலேயே ஒரு வரலாற்றைக் காணலாம். மலாக்காச் செட்டி சமூகத்தார் பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கு வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். தங்கக் கொல்லர் தெருவில் 1781 ஆம் ஆண்டு எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் அவர்களுடைய பெருமை. காஜா பேராங்கில் உள்ள அவர்களது கிராமத்தில் சமயமும் சடங்குகளும் வாழ்கின்றன. மாவிலைத் தோரணமும் படையலும் வாழ்கின்றன. ஆனால், அவர்கள் வீட்டு மொழி எப்போதோ மலாயாகிவிட்டது. அவர்கள் சூழல் வேறு. அவர்களைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமையில்லை. இவ்வளவு பற்றோடு மரபைக் காத்தவர்களுக்கே மொழி கைநழுவியது என்றால், கோலமும் தோரணமும் மட்டுமே தமிழைக் காத்துவிடும் என்று நாம் நம்பியிருக்கலாமா?

சிதைந்த எழுத்து சொல்லும் செய்தி

இருக்கும் கொஞ்சநஞ்சத் தமிழ் எழுத்தும் எந்நிலையில் இருக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். முதலாம் ஆண்டு மாணவர் சேர்க்கைக்காகப் பெரிய பதாகை ஒன்று அச்சிடக் கொடுத்தார்கள். ஆசிரியர் அனுப்பிய தமிழ்வரி பிழையற்றது. அச்சகத்தில் தமிழறிந்தவர் எவரும் இல்லை. பதாகை வந்தபோது கொம்புகளெல்லாம் இடம் மாறியிருந்தன. திரும்ப அச்சிட நேரமில்லை என்று அப்படியே வேலியில் கட்டிவிட்டார்கள். 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்னும் முழக்கத்தைத் தாங்கிய பதாகை அது! அதைப் பார்த்த தந்தை ஒருவர், "தமிழ்ப்பள்ளி வாசலிலேயே தமிழ் இப்படி இருந்தால், உள்ளே எப்படி இருக்கும்?" என்று கேட்டாராம். அக்கேள்விக்கு என்ன மறுமொழி சொல்வது?

இது சிறு ஊர்களின் சிக்கல் மட்டும் அன்று. தமிழ் அதிகாரத்துவ மொழியாக உள்ள சிங்கப்பூரிலேயே, 2017 ஆம் ஆண்டுத் தேசிய நாள் அணிவகுப்பையொட்டி வெளியான துண்டறிக்கையில் தமிழ் பிழையாக அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? காரணத்தைத் தெரிந்துகொண்டால் தடுப்பது எளிது. யூனிகோடு முறையில் 'பெ' என்னும் எழுத்தைக் கணினி முதலில் பகரமாகவும் அதன் பின்னர் ஒற்றைக் கொம்பாகவும் சேமித்து வைக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் பொறுப்பு. இந்திய எழுத்துமுறைகளை அறியாத, அல்லது அதற்கான அமைவு தேர்ந்தெடுக்கப்படாத வடிவமைப்பு மென்பொருள் அப்பணியைச் செய்யாமல் விட்டுவிடுகிறது. 'பெற்றோர்' என்னும் சொல்லில் பகரத்துக்குரிய கொம்பு பின்னால் போய் றகரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தமிழறிந்தவருக்குக் கண் உறுத்தும். அறியாதவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

பழைய எழுத்துருக்களின் கதை வேறு. யூனிகோடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்களை உருவாக்கினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக வரும். இத்தகைய கோப்புகளை இன்னும் பயன்படுத்தும் பள்ளிகளும் சங்கங்களும் இருக்கின்றன.

எழுத்து சிதையாவிட்டாலும் பிற குறைகள் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்திலோ மலாயிலோ இரு சொற்களில் அடங்கும் செய்திக்குத் தமிழில் கூடுதல் இடம் வேண்டும். வடிவமைப்பாளர் ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டிக்குள் தமிழை அடைக்கப் பார்ப்பார். எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவார். அதுவும் போதாமல் வரிகளை நெருக்குவார். மேல்வரியின் உகரக் கீற்று கீழ்வரியின் இகரக் கொக்கியோடு மோதும். இவ்வாறு நசுங்கிய எழுத்தையே கண்டு வளரும் பிள்ளை, தமிழ் படிக்கக் கடினமானது என்று முடிவு கட்டினால் வியப்பென்ன?

யாருடைய எழுத்து?

ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக் காலத்தில் பேரங்காடிகளைப் பாருங்கள். நடுக்கூடத்தில் வண்ண அரிசிக் கோலம், மயில், குத்துவிளக்கு. அழகுதான். ஆனால், 'ஹேப்பி தீபாவளி' என்னும் ஆங்கில வாழ்த்தின் எழுத்துகளை உற்றுப் பாருங்கள். பல இடங்களில், எழுத்துகளின் தலைக்கு மேல் ஒரு கோடு இழுத்து, அதிலிருந்து அவை தொங்குவதுபோல் அமைத்திருப்பார்கள். இந்தி எழுதும் தேவநாகரி எழுத்தின் சாயல் அது. 'சமர்கான்' போன்ற எழுத்துருக்கள் இத்தோற்றத்தை உலகெங்கும் பரப்பிவிட்டன.

தமிழ் எழுத்துக்குத் தலைக்கோடு கிடையாது. வட்டமும் வளைவும் நேர்கோடும் கலந்தது நம் எழுத்து. இந்நாட்டில் தீபாவளி கொண்டாடுவோருள் பெரும்பாலோர் தமிழர். இருந்தும் நம் பெருநாளுக்கு நம் எழுத்தின் சாயல்கூடக் கிடைப்பதில்லை. இது யாரோ திட்டமிட்டுச் செய்த தீங்கு என்று நான் சொல்லவில்லை. வடிவமைப்பாளருக்கு 'இந்தியத் தோற்றம்' வேண்டும். கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்கிறார். தமிழ்த் தோற்றம் எது என்று நாம் அவருக்குக் காட்டியதே இல்லை.

ஜோங்கர் தெருவில் நடந்து செல்லுங்கள். பழைய சீனக் கடைவீடுகளின் வாசலில் கருநிறப் பலகையில் பொன்னெழுத்துகளைச் செதுக்கி மாட்டியிருப்பதைக் காணலாம். சீனம் படிக்கத் தெரியாத சுற்றுப்பயணியும் நின்று படம் எடுக்கிறார். எழுத்தே அங்கு அழகாக நிற்கிறது. நாமோ அழகுக்கு மயிலை வைத்துவிட்டு, எழுத்தை மூலையில் தள்ளுகிறோம்.

2019 ஆம் ஆண்டில், தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடத்தில் 'காட்' எனப்படும் ஜாவி வனப்பெழுத்தை அறிமுகப்படுத்தும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நம்மிடையே எத்துணை விவாதங்கள்! அவ்விவாதத்தின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. மலாய்க்காரர் தம் எழுத்தழகைப் பள்ளிக்குக் கொண்டுவர விரும்பினார்கள் என்பது ஒன்று. நம் எழுத்தழகுக்கு நம் பள்ளியில் ஒரு பாடவேளையேனும் உண்டா என்று நம்மில் எத்தனை பேர் அப்போது கேட்டோம் என்பது மற்றொன்று.

எழுத்தைச் செதுக்கியவர்கள்

தமிழ் எழுத்து அழகுபடுத்த இடம் தராது என்று சிலர் சொல்வர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதே அரிது. படிப்பவர்தாம் இடமறிந்து படித்துக்கொள்ள வேண்டும். தமிழ் அச்சேறி 1578 ஆம் ஆண்டு 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்த பிறகு, எழுத்து மெல்ல மெல்ல நிலைபெற்றது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைத் தெளிவுபடுத்தி, நெடிலுக்கு இரட்டைக் கொம்பை வகுத்தவர் வீரமாமுனிவர். ஒரு சிறு சுழி! அதனால் எத்தனை கோடிப் பேருக்குப் படிப்பு எளிதாயிற்று!

பெரியார் 1935 ஆம் ஆண்டு முதல் தம் இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாண்டார். ணா, றா, னா, லை, ளை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றி, 1978 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்றது. சிங்கப்பூர் 1983 இல் பின்பற்றியது. நம் நாட்டுப் பாடநூல்களும் பின்னர் மாறின. யானையின் துதிக்கைபோல் வளைந்த பழைய 'லை'யை நினைவில் வைத்திருக்கும் மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.

ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) நூல் அட்டைகளுக்கும் இதழ்த் தலைப்புகளுக்கும் தம் கையால் எழுதிய எழுத்துகள், தமிழ் எழுத்தே ஓவியமாக நிற்கும் என்பதைக் காட்டின. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளையும் செல்லினத்தையும் உருவாக்கியவர். அவர் வடிவமைத்த இணைமதி, தமிழ் சங்கம் எம்என் ஆகிய எழுத்துருக்கள் ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றன. உலகின் எந்த மூலையில் ஒரு தமிழர் அக்கணினியில் தமிழ் படித்தாலும், அவர் ஒரு மலேசியத் தமிழரின் கைவண்ணத்தைக் காண்கிறார். இதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? இலங்கையின் தாரிக் அஸீஸ் உருவாக்கிய கவிவனார், தமிழகத்தின் பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய கட்டமரன் போன்ற எழுத்துருக்கள் கூகுள் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கின்றன. நல்ல எழுத்துரு இல்லை என்னும் காலம் போய்விட்டது. தேடி எடுப்போர்தாம் குறைவு.

மூன்று மறுப்புகள்

இக்கருத்தைச் சொல்லும்போதெல்லாம் மூன்று மறுப்புகள் எழுகின்றன.

முதலாவது, சட்டம். விளம்பரப் பலகைகளில் தேசியமொழிக்கே முதன்மை தர வேண்டும் என்பது ஊராட்சி மன்றங்களின் விதி. அதை மதிப்பது நம் கடமை. தமிழ் சிறிதாகத்தான் இடம்பெற முடியும் என்பதும் உண்மையே. ஆனால், சிறிதாக இருப்பது வேறு, சிதைந்திருப்பது வேறு. சிறிய எழுத்துக்குத்தான் கூடுதல் தெளிவும் கவனமும் தேவை. மேலும், திருமண அழைப்பிதழுக்கும் கோவில் அறிக்கைக்கும் பள்ளி ஆண்டிதழுக்கும் அந்த விதி இல்லையே! அங்கே எழுத்து நன்றாக இல்லையென்றால் யாரைக் குறை சொல்வது?

இரண்டாவது, செலவு. நல்ல எழுத்துருவுக்கும் கெட்ட எழுத்துருவுக்கும் பதாகையின் விலை ஒன்றுதான். சதுர அடிக் கணக்கில்தான் அச்சகம் பணம் வாங்குகிறது. கொம்பு சரியான இடத்தில் இருந்தால் கூடுதல் கட்டணம் இல்லை.

மூன்றாவது மறுப்பே முக்கியமானது. "பிள்ளைகளுக்கு இலக்கணமே தடுமாறுகிறது, இதில் எழுத்தின் அழகு ஒரு கேடா?" என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் 1960களில் சாலைக் குறியீடுகளை ஜாக் கின்னீரும் மார்கரெட் கால்வர்ட்டும் புதிதாக அமைத்தனர். 'பள்ளிப் பிள்ளைகள் கடக்குமிடம்' என்னும் பழைய குறியீட்டில் ஒரு பையன் சிறுமியை அழைத்துச் செல்வான். கால்வர்ட் அதை மாற்றி, ஒரு சிறுமி தன்னிலும் சிறிய பையனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதாக வரைந்தார். ஒரு சொல்லும் எழுதாமல், பெண்பிள்ளையும் வழிநடத்துவாள் என்று தெருவுக்குத் தெரு சொல்லிவிட்டார். வடிவமைப்பும் பாடம் நடத்துகிறது. அதற்குப் பாடவேளை முடியும் மணி அடிப்பதில்லை.

அதே நாட்டில் ரோஸ்மேரி சசூன் என்னும் கையெழுத்து வல்லுநர், எத்தகைய எழுத்தைப் படிப்பது எளிது என்று சிறுவர்களிடமே கேட்டறிந்து, 1980களில் பள்ளிக்கென ஓர் எழுத்துருவை உருவாக்கினார். தமிழாசிரியர்களாகிய நமக்கு இதன் அருமை புரியும். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாத எழுத்துருவில் பயிற்சித்தாளை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, முதலாம் ஆண்டுப் பிள்ளை தடுமாறுகிறது என்று நாம் வருந்துகிறோம். ணகர னகரங்களின் சுழிகள் ஒன்றோடொன்று குழம்பும் தடித்த எழுத்தில் அச்சிட்டுவிட்டு, மூன்று சுழியா இரண்டு சுழியா என்று பிள்ளையைக் கேட்கிறோம். வாசிப்புச் சிக்கல் எல்லாமே எழுத்துருவால் வருவதில்லை. ஆனால், எழுத்துருவால் வரும் சிக்கலையேனும் நாம் நீக்கலாமே!

நாம் செய்யக்கூடியவை

அரசாங்கத்தையோ அமைச்சையோ எதிர்பாராமல் நாமே செய்யக்கூடியவை சிலவற்றை முன்வைக்கிறேன்.

1. பள்ளியிலிருந்து வெளியே செல்லும் எந்தத் தமிழ் அச்சுப் படியையும், அச்சேறும் முன் தமிழாசிரியர் ஒருவர் இறுதி வடிவில் பார்க்க வேண்டும். தட்டச்சிட்ட கோப்பை மட்டும் பார்த்தால் போதாது. அச்சகம் அனுப்பும் படத்தைப் பார்க்க வேண்டும். கொம்பு, துணைக்கால், புள்ளி ஆகிய மூன்றையும் விரல் வைத்துச் சரிபாருங்கள்.

2. யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். அச்சகத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால், எழுத்தைப் படமாகவோ எழுத்துரு உட்பொதிந்த கோப்பாகவோ மாற்றிக் கொடுங்கள், சிதைய வழியில்லை.

3. எழுத்தை நசுக்காதீர்கள், இழுக்காதீர்கள். வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். இடம் போதவில்லை என்றால் சொற்களைக் குறையுங்கள். நம் அறிக்கைகளில் அடைமொழிகளுக்குப் பஞ்சமில்லை!

4. இளம் மாணவர்களுக்கான பயிற்சித்தாளுக்கு, ர–ா, ண–ன, ல–ள–ழ வேறுபாடு தெளிவாகத் தெரியும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று எழுத்துருக்களில் அச்சிட்டு, எது எளிதாக இருக்கிறது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

5. ஆண்டிதழின் அட்டையிலும் விளையாட்டுப் போட்டியின் பதாகையிலும் தலைப்பை மாணவரே கையால் எழுதட்டும். கலைக்கல்விப் பாடத்தில் தம் பெயரின் முதல் தமிழ் எழுத்தை வடிவமைக்கட்டும். 'ழ' ஒன்றை வைத்துக்கொண்டே எத்தனை ஓவியங்கள் வரையலாம்!

6. பெற்றோர்களே, இது உங்களுக்கு. வீட்டுக் கதவில் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் டப்பாக்களில் தமிழ்ச் சீட்டு ஒட்டுங்கள். பிறந்தநாள் கேக்கின் மேல் பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் தாளில் வரைந்து காட்டுங்கள். சொந்தத் தொழில் செய்வோர், விதிக்கு உட்பட்டுப் பலகையில் தமிழுக்கும் இடம் தாருங்கள். அவ்வெழுத்து உங்கள் கடைக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவராமல் போகலாம். வழியில் போகும் ஒரு மாணவிக்கு, தான் வகுப்பில் கற்ற எழுத்து உலகத்தில் இருக்கிறது என்று காட்டும்.

7. புலனத்தில் வரும் சிதைந்த வாழ்த்துப் படங்களை அப்படியே அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள். பிழையைக் கண்டால் அனுப்பியவருக்குத் தனியே, பணிவாகச் சொல்லுங்கள். சபையில் சுட்டிக்காட்டினால் மனம் நோகும்; தனியே சொன்னால் திருத்திக்கொள்வார்.

நிறைவாக...

1924 ஆம் ஆண்டு தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019 இல் நின்றுபோனது. பல தோட்டங்களில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்ட காலம் அதற்கு இருந்தது. அந்தத் தலைமுறைக்குத் தமிழ் எழுத்து அன்றாடம் வீட்டுக்கு வரும் விருந்தாளி. இன்று நாளிதழ் வாங்கும் வீடுகள் அருகிவிட்டன. பாடநூலைத் தவிர வேறு தமிழெழுத்தே இல்லாத வீட்டிலிருந்து நம்மிடம் பிள்ளைகள் வருகிறார்கள்.

அப்பிள்ளைகளின் கண்ணில் படும் சில தமிழ் எழுத்துகளேனும் முழுமையாக, நேராக, அழகாக இருக்கட்டும். தமிழ்ப்பள்ளியைத் தேர்ந்தெடுங்கள் என்று நாம் ஊராரைக் கேட்டுக்கொள்கிறோம். அதைச் சொல்லும் பதாகையை முதலில் நன்றாக எழுதுவோம். புதிய பள்ளித் தவணைக்கான அறிவிப்பு அடுத்த முறை உங்கள் கைக்கு வரும்போது, அச்சகத்துக்கு அனுப்பும் முன் ஐந்து நிமிடம் அதை உற்றுப் பாருங்கள். தொடக்கம் அதுவாக இருக்கட்டும்.